பலகையின் முகம் எந்தப் பக்கம்

உலகத்தில் இதுவரை மனிதர்கள் பார்த்து அலறிய பேய்கள் அனைத்தும் தப்பாக அறையப்பட்ட பலகைகளே என்பதை டெல்வின் கோவார் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருந்தான். நிரூபணம் எழுத்தில் இல்லை. லிப்னா ஊர் மரக்கடையில், சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, பலகை அடுக்குகளுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவன் அதை வாய்மொழியாக வழங்கிவந்தான். வகுப்பின் பெயர் 'ஷிப்லாப்பைப் புரிந்துகொள்வோம்'. கட்டணம் கிடையாது. வருகிறவர்களுக்குச் சாஸேஜை உள்ளே வைத்துச் சுட்ட பன் ஒன்றும் காபியும் உண்டு.

வருகிறவர்கள் எல்லாரும் ஹூஸ்டனிலிருந்தும் ஆஸ்டினிலிருந்தும் வருகிறவர்கள். லிப்னாக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஷிப்லாப் எனும் சுவர்ப் பலகைக்கு நடுவிலேயே பிறந்து, அதற்கு நடுவிலேயே செத்துப்போகிறவர்களுக்கு அதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நூறு வருஷமாக அந்த ஊர் மனிதர்கள் வீட்டுச் சுவரில் பலகை தெரிவதை உள்ளாடை தெரிவதைப் போல நினைத்து, அதன்மேல் சல்லாத் துணியை இழுத்து அறைந்து, துணியின்மேல் பூப்போட்ட காகிதம் ஒட்டி, அது கிழிந்தால் அதன்மேல் இன்னொரு காகிதம் ஒட்டி மறைத்துவந்தார்கள். இப்போது நகரத்துக்காரர்கள் அதையெல்லாம் உரித்துப் பலகையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். டெல்வினுக்கு இரண்டு தரப்பு மீதும் மரியாதை இல்லை. அவனுக்கு மரியாதை பலகை மீது மட்டும்தான்.

"இங்க பாருங்க," என்று ஒரு துண்டை எடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டுவான். "இதுக்கு மேல் ஓரத்துல முன்பக்கம் பாதி சீவியிருக்கும். கீழ் ஓரத்துல பின்பக்கம் பாதி சீவியிருக்கும். ஒண்ணுமேல ஒண்ணு வச்சா, மேல உள்ளவனோட உதடு கீழ உள்ளவனோட தோள்ல வந்து உக்காரும். மழை பெஞ்சா தண்ணி உதட்டுல வழிஞ்சு அப்படியே கீழ போயிரும். உள்ள வராது. அதனால முகம் எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கம்தான் வானிலை. இது ஒண்ணு தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் ஆணி."

"வீட்டுக்குள்ள அடிச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் டெல்வினே கேட்கச் சொல்லுவான்.

"முகம் ரூமப் பாக்கணும். ரூமுக்குள்ள மழை பெய்யாதுதான். ஆனா நீங்க இருப்பீங்க இல்ல? உங்களவிட மோசமான வானிலை எது?"

சிரிப்பார்கள். அதன் பிறகுதான் பேய்க்கு வருவான். குளிர்காலத்தில் பலகை சுருங்கும், சந்து விழும், சந்தில் காற்று புகுந்து ஊளையிடும். ஊளைதான் பேய். கடைசியாக லிப்னா ஊர் வழக்கத்தை நடித்துக் காட்டுவான். அந்த ஊரில் யாராவது சுவரைத் திறக்க வேண்டியிருந்தால், முதலில் தொப்பியைக் கழற்ற வேண்டும். விரல் முட்டியால் மூன்று முறை தட்ட வேண்டும். தன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு, ஓரடி தள்ளி நின்று வழிவிட வேண்டும். பாம்பும் குளவியும் விலகிக்கொள்வதற்காக என்பது ஊரார் சொல்லும் காரணம். டெல்வின் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, கடையின் தகரச் சுவரைப் பார்த்துக் குழைந்து பேசி, மாமனாருக்கு வழிவிடும் மருமகனைப் போல ஒதுங்கி நிற்பான். ஆஸ்டின்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகை வாங்கிப் போவார்கள்.

இப்பேர்ப்பட்டவனுடைய வீட்டுச் சுவர்தான் மூச்சுவிட்டது.

ஊர்க் கோடியில், ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த ப்லாஹுத் குடும்பத்து வீட்டை அவன் வசந்த காலத்தில் வாங்கியிருந்தான். வெள்ளை வீடு, தகரக் கூரை. கிழக்கு அறை பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று முடிவாகியிருந்தது. அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரில் நீல ரோஜாக் காகிதம். செப்டம்பரில் ஒரு மத்தியானம், ஏழு மாத வயிற்றோடு அந்த அறையில் நின்ற அவன் மனைவி டார்லீன், ரோஜாக்கள் முன்னால் வருவதையும் பின்னால் போவதையும் பார்த்தாள். மறுபடி முன்னால் வந்தன. மறுபடி பின்னால் போயின.

டெல்வின் அவளுக்குத் தனி வகுப்பு எடுத்தான். துணி ஓரத்தில் மட்டும்தான் அறைந்திருக்கும், நடுவில் தொங்கும், பின்னாலிருந்து காற்று வந்தால் படகுப் பாய் மாதிரி உப்பும், போனால் அடங்கும். நாட்டில் பாதி வீட்டில் இப்படித்தான்.

டார்லீன் முழுதும் கேட்டாள். "காத்து நிமிஷத்துக்குப் பதினாலு தடவ வருமா?" என்றாள். "நான் எண்ணிப் பாத்தேன்."

"எண்ணாத," என்றான் டெல்வின்.

குழந்தை ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. பெண். மிலாடா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, அதற்குள் பழகாத நுரையீரல். விக்டோரியா நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு மூன்று வாரம் கிடந்தது. டார்லீன் அங்கேயே தன் அம்மா வீட்டில் தங்கி, பகலெல்லாம் அந்தச் சின்ன மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன திங்கட்கிழமை அவள் போன் செய்தாள்.

"டெல்வின், இவ மூச்சு விடுறாளான்னு பாக்குறதே எனக்கு முழுநேர வேலையா இருக்கு. கூடவே செவுரு மூச்சு விடுதான்னும் பாத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

"நான் சரி பண்ணிர்றேன்."

"நீ சரி பண்ணுவ. எல்லாத்தையும் சரி பண்ணுவ. ஞாயித்துக்கிழம தம்பி ரேஃபோர்ட் வண்டியில வரேன். அந்த ரூம்ல ஏதாவது அசைஞ்சுதுன்னா வண்டிய விட்டு இறங்க மாட்டேன். திரும்பி அம்மா வீட்டுக்கே போயிருவேன். வாரக் கடைசிக்கு மட்டும் இல்ல, மொத்தமா. நீ வேணும்னா அங்க வா. இல்லன்னா உன் பலகையோட குடித்தனம் பண்ணு."

அவள் மிரட்டுகிறவள் அல்ல. சொன்னால் செய்வாள்.

புதன்கிழமை காலை டார்லீனின் தம்பி ரேஃபோர்ட் சூலக் உதவிக்கு வந்தான். வாரநாளில் சுவர் பூச்சு வேலை, சனிக்கிழமையானால் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பு. கதவளவு உடம்பு. வந்தவன் நேரே நீல ரோஜாச் சுவர் முன் போய் நின்று தொப்பியைக் கழற்றினான். மூன்று தட்டு.

"ரேஃபோர்ட் சூலக். சூலக் வீட்டுப் பையன். கொஞ்சம் சத்தமா இருக்கும், பொறுத்துக்கங்க." ஓரடி தள்ளி நின்றான்.

"வழி விட்டாச்சா?" என்றான் டெல்வின். "பெட்டி படுக்கையெல்லாம் எடுத்துக்கிட்டாங்களா? லாரி ஏதும் சொல்லணுமா?"

"ஒரு நிமிஷம் பொறு மச்சான்."

"டேய், பாம்புக்குக் காது கிடையாதுடா."

"தெரியும். மரியாதைக்குக் காது எதுக்கு?"

"வீட்ல ஃபிரிட்ஜத் தெறக்குறதுக்கு முன்னாடியும் இப்படித்தானா? நான் ரேஃபோர்ட், தயிர் எடுக்க வந்திருக்கேன்னு?"

"ஃபிரிட்ஜுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றான் ரேஃபோர்ட்.

காகிதத்தை உரித்தார்கள். நான்கு அடுக்கு. நீல ரோஜாவுக்கு அடியில் பச்சைக் கோடு, அதற்கடியில் மயில், அதற்கடியில் ஏதோ பழம். பிறகு பழுப்பேறிய சல்லாத் துணி, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஆணி. துணியை இழுத்ததும் பைன் பலகைகள் தேன் நிறத்தில் வெளியே வந்தன. டெல்வின் விரலை நக்கிச் சந்தில் வைத்தான். காற்று இல்லை. ரேஃபோர்ட் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகையைச் சந்துக்குப் பக்கத்தில் விட்டான். புகை கலையவில்லை. ஒரு நூலைப் போலச் சந்துக்குள் இழுபட்டுப் போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சற்றுப் பொறுத்துப் புகை அதே சந்து வழியாக வெளியே வந்தது.

"காத்து," என்றான் டெல்வின்.

"புகையத் திருப்பிக் குடுக்குற காத்து," என்றான் ரேஃபோர்ட். "நாணயமான காத்துதான்."

அதற்குள் டெல்வினின் கண் வேறொன்றில் சிக்கியிருந்தது. சுவரின் நடுவில், கதவகலத்துக்கு, தரையிலிருந்து தோள் உயரம் வரை எட்டுப் பலகைகள் தனியாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தன. சுற்றியிருந்த பலகைகள் எல்லாம் முறையாக அறையைப் பார்த்தன. இந்த எட்டு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. முகம் சுவருக்குள்ளே.

"திருப்பி அடிச்சிருக்கான்," என்றான். அவன் குரலில் ஒருவித மகிழ்ச்சிகூட இருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான். "பாத்தியா, உதடு உள்ள இருக்கு. மழை என்னமோ செவுத்துக்குள்ள பெய்யிற மாதிரி அடிச்சு வச்சிருக்கான் முட்டாப்பய."

ரேஃபோர்ட் குனிந்து பலகையைத் தடவினான். "மச்சான், ஆணித் தலை எங்க?"

ஆணித் தலை இல்லை. தலைக்குப் பதில் ஆணி முனைகள் இருந்தன. பலகையைத் துளைத்து அறைக்குள் வந்து, பக்கவாட்டில் மடங்கிப் படுத்திருந்தன. பதினாறு முனைகள். உள்ளே இருந்து அடித்த ஆணிகள்.

இருவரும் சமையலறைக்குப் போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே பலகைகள் ஒழுங்காகச் சமையலறையைப் பார்த்தன, ஆணித் தலைகளோடு, ஒன்பது முறை பெயின்ட் அடித்து, ஒரு சந்து விடாமல். இரண்டு பலகை வரிசைகளுக்கும் நடுவே இருந்த இடம் நான்கு அங்குலம். டெல்வின் அளந்தான். மறுபடி அளந்தான்.

"கீழ வச்சு முழுசா செஞ்சு, அப்புறம் தூக்கி உள்ள நிறுத்தியிருப்பான்," என்றான்.

"சரி. சந்து வழியா பாரு, பின்னாடி குறுக்குச் சட்டம் ரெண்டும் வீட்டுச் சட்டத்தோட சேத்து அறைஞ்சிருக்கே. அந்த ஆணியும் உள்ள இருந்துதான் இருக்கு. அத அறைஞ்சது யாரு?"

"ஒல்லியான ஆளு."

"நாலு அங்குல ஆளா?"

"அந்தக் காலத்துல சாப்பாடு கம்மி."

முனைகளை நிமிர்த்திப் பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார்கள். உள்ளே இரண்டு குறுக்குச் சட்டங்கள் மட்டும் அசையாமல் நின்றன. பக்கத்துப் பலகை ஒன்றை டெல்வின் சோதனைக்காக நெம்பிப் பார்த்தபோது அதற்குப் பின்னால் நூறு வருஷத்துப் புழுதியும் எலி கொண்டுவந்த வைக்கோலும் குளவி கட்டிய மண்கூடும் அடைந்து கிடந்தன. இந்த இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு தூசு இல்லை. அடியில் இருந்த கட்டையின் நடுப்பகுதி தேய்ந்து, குழிந்து, வழவழவென்று இருந்தது. மாதா கோவில் வாசற்படி அப்படித்தான் தேயும்.

"கரையான்," என்றான் டெல்வின்.

ரேஃபோர்ட் தொப்பியைத் தலையில் வைத்தான். "எனக்கு அக்கார்டியன் ப்ராக்டிஸ் இருக்கு."

"புதன்கிழமையா?"

"திடீர்னு ஏற்பாடு பண்ணிட்டாங்க." வாசல் வரை போனவன் திரும்பினான். "மச்சான், நீதான வாரா வாரம் சொல்லுவ, முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வானிலைன்னு? அடிச்சவனுக்கு வானிலை எந்தப் பக்கம்னு தெரியாமலா இருந்திருக்கும்?"

"குடிச்சிருப்பான்."

"குடிச்சவன் அடிச்ச ஆணி இவ்ளோ நேரா இருக்காது," என்று சொல்லிவிட்டு ரேஃபோர்ட் போய்விட்டான்.

டெல்வின் அன்று சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தான். எட்டுப் பலகைகளையும் திருப்பி, முகம் அறையைப் பார்க்க, தோள்மேல் உதடு சரியாக உட்கார, புது ஆணிகளை நூல் பிடித்தாற்போல் அறைந்தான். சுவர் கல்லாக நின்றது. வியாழக்கிழமை முழுதும் அசையவில்லை. அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷப் படம், அதில் ஒரு சுவர் சும்மா இருக்கிறது. தன் வாழ்நாளில் எடுத்த ஆகச் சிறந்த படம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. 'பாப்போம்' என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, மற்ற மூன்று சுவர்களும் மூச்சுவிட்டன.

தொட்டிலைத் துடைக்கப் போனவன் கையில் ஈரத்துணியோடு அறை நடுவில் நின்றான். உரிக்காத மூன்று சுவர்களின் ரோஜாக்களும் ஒரே நேரத்தில் அவனை நோக்கி வந்தன. ஒரே நேரத்தில் பின்வாங்கின. ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே நல்ல வெயில். தீவனக் கடைக் கம்பத்தில் கொடி துவைத்துப் போட்ட துண்டைப் போலத் தொங்கியது. ஒரு இலை ஆடவில்லை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். பதினாலு.

அப்போதுதான் தன் மூச்சும் புகையாகப் போவதைப் பார்த்தான். அறை குளிர்ந்திருந்தது. மண்ணில் முதல் மழை விழும்போது எழுகிற வாசனை. தரைப்பலகையில் காசளவு ஈரப் பொட்டுகள், ஒன்று இங்கே, இரண்டு அங்கே. தொட்டில் விரிப்பில் நான்கு. தலைக்கு மேல் கூரைப்பலகை காய்ந்த ரொட்டியாக இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஈரப்பதம்," என்று சத்தமாகச் சொன்னான். சொன்ன பிறகு யாருக்குச் சொன்னோம் என்று யோசித்தான். தொட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். சாத்திய கதவு கொஞ்சம் முன்னால் வந்தது. கொஞ்சம் பின்னால் போனது.

சனிக்கிழமை வகுப்பில் பதினொரு பேர். சாஸேஜ் பன் தீர்ந்துபோகும் அளவுக்கு நல்ல கூட்டம். டெல்வின் பலகைத் துண்டை எடுத்தான். உதடு சொன்னான், தோள் சொன்னான். "முகம் எந்தப் பக்கம் பாக்குதோ..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் பாக்குதோ?" என்று எடுத்துக்கொடுத்தார் முன்வரிசையில் இருந்த ஹூஸ்டன்காரர்.

டெல்வின் துண்டைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். ப்லாஹுத் வீட்டுக்கு அந்த எட்டுப் பலகையை அறைந்தவன் முட்டாளும் இல்லை, குடிகாரனும் இல்லை. அந்த நான்கு அங்குலம்தான் வெளி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வெயிலோ மழையோ அங்கே இருக்கட்டும் என்று அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்து, முதுகை வீட்டுக்குக் கொடுத்திருந்தான். டெல்வின் கோவார் பெரிய மேதாவி, அந்தப் பக்கத்தை இந்தப் பக்கமாக்கிவிட்டான். வெளியை அவிழ்த்து அறைக்குள் விட்டுவிட்டு, அதற்குள் தொட்டிலையும் போட்டிருந்தான்.

"இன்னிக்கு இவ்ளோதான்," என்றான். சுவரிடம் பேசுவதை நடித்துக் காட்டச் சொல்லி ஒரு பெண்மணி கேட்டார். தொண்டை சரியில்லை என்றான்.

வீட்டுக்குப் போனதும் எட்டுப் பலகைகளையும் பிடுங்கி, பழையபடி முகம் உள்ளே போகும்படி வைத்தான். வைக்கத்தான் முடிந்தது. அறைப் பக்கமிருந்து அடித்த ஆணி ஒவ்வொன்றும் பாதி போனதும் வளைந்தது. பதினாறு ஆணி, பதினாறும் கொக்கி. பழைய பைன் கல்லாகிவிடும் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான். விளக்கம் சரியானதுதான். பலகைகள் அறையப்படாமல் சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று நின்றன. மூன்று சுவர்களும் தம் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. தரையைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி பொட்டுகள் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ரேஃபோர்டின் வண்டி சரளைக்கல் நொறுங்க வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் டார்லீன். அவள் நெஞ்சில் கம்பளித் துணிச் சுருள். அதற்குள்தான் மிலாடா இருக்க வேண்டும். டார்லீன் கண்ணாடியை இறக்கவில்லை. கிழக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேஃபோர்ட் மட்டும் இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே பார்த்தான். ரோஜாக்கள் அவனை நோக்கி வந்துவிட்டுப் போயின.

"சரி பண்ணிட்டேன்னு சொன்னியே?" என்றான் உதடு அசையாமல்.

"ஆணி அடிக்கணும். அவ்ளோதான் பாக்கி."

"அப்ப அடி."

"உள்ள இருந்து அடிக்கணும்."

ரேஃபோர்ட் கிண்டல் செய்திருக்கலாம். அதற்கு அவனுக்கு முழு உரிமை இருந்தது. செய்யவில்லை. "அவ விடியக்காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல," என்றான். "வர்ற வழியெல்லாம் பாப்பா மூக்குல கைய வச்சுப் பாத்துக்கிட்டே வந்தா. இப்ப திரும்பிப் போகச் சொன்னா போயிருவா மச்சான். நான்தான் ஓட்டிக்கிட்டுப் போகணும்."

"பத்து நிமிஷம் பேசிக்கிட்டிருடா."

"எதப் பத்தி?"

"அக்கார்டியனப் பத்தி."

"எங்க அக்கா அஞ்சு நிமிஷம்தான் தாங்குவா," என்று சொல்லிவிட்டு ரேஃபோர்ட் வண்டிப் பக்கம் போனான்.

டெல்வின் எட்டுப் பலகைகளையும் இறக்கினான். கையை உள்ளே விட்டு, தேய்ந்த அடிக்கட்டையின் மேல் சுத்தியலை வைத்தான். கைப்பிடி உள்பக்கம் பார்க்கும்படித் திருப்பி வைத்தான். பக்கத்தில் பதினாறு புது ஆணி. விருந்தாளிக்குக் கரண்டி எடுத்து வைக்கும்போதுகூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை. பலகைகளைப் பழையபடி அடுக்கி, மேல் பலகையை மட்டும் ஒரு சாண் சந்து விட்டுச் சாய்த்து வைத்தான். பின்னால் நகர்ந்து காத்திருந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. சுவர்கள் வந்தன, போயின. வெளியே ரேஃபோர்ட் ஏதோ சொல்வதும், டார்லீன் பதில் சொல்லாததும் கேட்டது. வண்டியின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டெல்வின் ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

தட்டினான். மூன்று முறை.

"டெல்வின் கோவார்," என்றான். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "கோவார் வீட்டுப் பையன். வெளிய வண்டியில இருக்கறது டார்லீன், என் பொண்டாட்டி. கொழந்த பேரு மிலாடா. மூணு வாரம்தான் ஆகுது. அவளுக்கு மூச்சு விட இன்னும் சரியாப் பழகல." நிறுத்தினான். "பலகைய நான்தான் தப்பாத் திருப்பிட்டேன். மன்னிச்சிருங்க. இடம் பழையபடி இருக்கு. கொஞ்சம் உள்ள போய் இருந்துக்கங்க."

ஓரடி தள்ளி நின்று வழிவிட்டான்.

வடக்குச் சுவர் ஒருமுறை நன்றாக உப்பி, அடங்கி, அப்படியே நின்றது. பிறகு கிழக்கு. பிறகு தெற்கு. அவன் முழங்காலை உரசிக்கொண்டு குளிர் ஒன்று நடந்து போனது. அவசரமே இல்லாத நடை. மேல் பலகை தானாக நிமிர்ந்து, கீழே இருந்ததன் தோள்மேல் உதடு பொருந்த, மெல்ல உட்கார்ந்தது. சரியான பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்தது.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. நான்கு அடி. ஒரு ஆணி முனை பலகையைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தது, பக்கவாட்டில் மடங்கிப் படுத்தது. மறுபடி நான்கு அடி. அடுத்தது.

"டேய் மச்சான்!" என்று ரேஃபோர்ட் வெளியிலிருந்து கத்தினான். "இன்னும் எவ்ளோ நேரம்டா அடிப்ப? அக்கா செவுரு நின்னுருச்சான்னு கேக்குது!"

"நின்னுருச்சு!" என்று டெல்வின் கத்தினான். "இதோ, இன்னும் ரெண்டே ஆணி!"

எஞ்சின் அணைந்தது. வண்டிக் கதவு திறக்கும் சத்தம். சரளைக்கல்லில் டார்லீனின் செருப்பு, பிறகு வாசற்படியில், ஒவ்வொரு படியாக, கையில் சுமை உள்ளவள் ஏறுகிற மாதிரி. சுவருக்குள் நான்கு அடி விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி நான்கு.

டெல்வின் இரண்டு கையாலும் தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் முழுதாக அடங்கிய பிறகும் அப்படியே நின்றான். பிறகு, விட்ட வழி போதுமோ போதாதோ என்று பட்டதால், இன்னும் ஓரடி தள்ளி நின்றான்.